ஆணியைத் திருப்பிக் கொடுத்தவர்

அந்த அம்மாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எதன் மீதும் பெயர்ப்பலகை அடிப்பது அவருக்குப் பிடிக்காது. நானோ பெயர்ப்பலகை அடித்தே பிழைத்தவன். எங்கள் அறிமுகமே அப்படித்தான் நடந்தது.

ஏற்காட்டில் எனக்கு நாலு அறை கொண்ட ஒரு லாட்ஜ் உண்டு. அப்பா விட்டுப்போன சொத்து இரண்டு: இந்த லாட்ஜ், ஓர் அலமாரி நிறையப் புத்தகம். லாட்ஜுக்கு ஆள் வராத நாட்களில் புத்தகம் படித்தேன். நான் புத்தகம் படிப்பதால்தான் ஆள் வருவதில்லை என்பது என் மனைவியின் கட்சி. அவள் வாயை அடைப்பதற்காக ஒரு தகரப் பலகை எழுதி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த செண்பக மரத்தில் நாலு ஆணி வைத்து அடித்தேன். 'ஏரிக்கு இரண்டே நிமிடம்' என்று அதில் இருந்தது. எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ஓர் அம்மா வந்து வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றார். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, அதற்கு மேல் சாயம் போன ஸ்வெட்டர். கக்கத்தில் என் பலகை. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேசையில் வைத்தார்.

"நாலு ஆணிங்க சார். போர்டு ஒண்ணு. மறந்தாப்புல மரத்துல உட்டுட்டு வந்துட்டீங்க."

"மறக்கலைங்க. நான்தான் அடிச்சேன்."

"உங்க ஊட்டுச் சொவத்துல அடிச்சிருக்கலாமுங்களே?"

"சொவத்துல அடிச்சா பூச்சு உதிருங்க."

இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். படித்தவன் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சுவரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"அது மரமுங்க சார். சொவரு இல்லீங்க."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "அப்பறம், ரெண்டு நிமிசத்துல ஏரிக்குப் போகோணும்னா உருண்டுதானுங்க போகோணும்" என்றார். உள்ளே என் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. பலகையில் 'பத்து நிமிடம்' என்று திருத்தி என் சுவரிலேயே மாட்டினேன். பூச்சு உதிர்ந்தது.

ஊரின் பூங்கா, சாலையோர மரங்கள், ஏரிக்குப் பின்புறமிருந்து மேட்டுக்கு ஏறுகிற நடைபாதை, இந்த மூன்றையும் பார்த்துக்கொள்ள ஓர் அலுவலகம் இருக்கிறது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மலையில் காப்பிக்கு அடுத்தபடி நன்றாக விளைவது அலுவலகம். அங்கே மேசைக்கு மேசை ஆள் உண்டு. மேசைக்கு வெளியே இருந்தது இந்த அம்மா ஒருவர்தான். தினக்கூலி. தலைச்சோலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். சின்ன வயதில் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். இதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வருஷம் 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டதில் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கும் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய ஆயுதம் ஒரு குறடு. மாட்டு வைத்தியர் தடவிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மரத்தையும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவார். ஆணி தட்டுப்பட்டால் நிற்பார். நேராக இழுக்க மாட்டார். இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திருகித் திருகி, கடைசியில் பல் விழுவதுபோல வெளியே வரவைப்பார். பிடுங்கிய ஆணியைத் தூக்கி எறிந்திருந்தால் ஊர் அவரை மன்னித்திருக்கும். ஒவ்வொன்றையும் உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் யாருக்கும் பொறுக்கவில்லை. டியூஷன் சென்டர், சிப்ஸ் கடை, மலைமேல் மனை விற்பவர், ஜீப்புக்காரர் என்று எல்லா வாசலிலும் நின்றிருக்கிறார். ஒரு கட்சி அலுவலகத்துக்குப் பத்தொன்பது ஆணிகளைக் கம்பியில் கோத்துக் கொண்டுபோனார். அங்கே இருந்தவர், "என்னக்கா, எங்க தலைவரு மூஞ்சி உனக்குப் புடிக்கலையா?" என்று கேட்டாராம். "அவரு சிரிச்சுக்கிட்டேதானுங்க இருந்தாரு. மரந்தான் சிரிக்கல" என்று பதில்.

கடைவீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் மட்டும் அவரோடு ராசி. "ஏக்கா, பிடுங்குனதையெல்லாம் நீங்க திருப்பிக் குடுத்துட்டீங்கன்னா அவங்க எங்கிட்ட புதுசு எப்ப வாங்கறது? என்ற பொழப்பு நொம்ப மோசமாப் போச்சு" என்பார். அவர் கடை வாசலில் நிற்கும் மரத்தில் கடைசிவரை ஓர் ஆணி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. கீழே சேலத்தில் வெயில் தாங்காமல் ஜனங்கள் மேலே ஏறி வருவதே மரத்துக்காக. வந்தவர்களுக்கு நாம் செய்கிற முதல் உபசாரம், மரத்தின்மேல் எதையாவது மாட்டி அதை மறைப்பது. பூங்காவில் ஒரு பெரிய மனிதர் செடி நட்டார். செடி முழங்கால் உயரம். பக்கத்தில் அவர் பெயர் பொறித்த கருங்கல் இடுப்பு உயரம். காலை வெயில் கல்லுக்கு விழும், செடிக்கு விழாது. அந்த அம்மா தினமும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "வா கண்ணு, எட்டிப் பாரு கண்ணு" என்று செடியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஆறு மாதம் கழித்து அதிகாரி வந்து, "என்னம்மா, எப்படி வளருது?" என்றார். "கல்லு நல்லா வளருதுங்க" என்றார் இவர்.

அப்புறம் ஒருமுறை பூங்காவை அழகுபடுத்தினார்கள். அழகு என்றால் சிமெண்டுக் கல். தரை முழுக்கப் பதித்து, மரத்தின் அடிவரைக்கும் நெருக்கி, விரல் நுழைய இடமில்லாமல் பூசிவிட்டார்கள். இந்த அம்மா கடப்பாரை கொண்டுவந்து ஒரு மரத்தைச் சுற்றி இரண்டு வரிசைக் கல்லைப் பெயர்த்துப் போட்டார். அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது: அரசுச் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்கு விளக்கம் தேவை. விளக்கத்தைத் தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தார். 'கல்லை எடுத்தது நான்தான். இன்னும் பதினாலு மரம் பாக்கி இருக்கிறது.' இப்படி ஒரு கச்சிதமான வாக்கியத்தை எழுத முப்பது வருஷமாக முயன்றுகொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன். இதுவரை மற்றவர்களைத் திட்டியது ஒரு முன்னேற்பாடுதான்.

பூங்கா, மரம், நடைபாதை ஆகியவற்றின் மேம்பாட்டுக்கு ஒரு குழு போட்டார்கள். பொதுமக்கள் சார்பில் என்னைச் சேர்த்தார்கள். புத்தகம் படிக்கிறவன், கையெழுத்து நன்றாக இருக்கும், எதிர்த்துப் பேச மாட்டான் என்ற மூன்று தகுதிகள். கூட்டக் குறிப்பு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. நான் அதைக் கௌரவமாக நினைத்தேன்.

ஏரிக்குப் பின்புறத்து நடைபாதையில் எட்டு இடத்தில் வழி பிரிகிறது. வெளியூர்க்காரர்கள் தவறான பிரிவில் ஏறி யாருடைய காப்பித் தோட்டத்திலாவது போய் நிற்பார்கள், நாய் துரத்தும். என் லாட்ஜில் தங்கிய ஒரு குடும்பம் நாலு பேராகப் போய் ஏழு செருப்போடு திரும்பியது. எனவே குழுவில் எழுந்து ஒரு யோசனை சொன்னேன். வெளிநாட்டு மலைப்பாதைகளில் மரங்களுக்கு வண்ணம் பூசி வழி காட்டுகிறார்கள், நாமும் பிரிவுக்கு ஒன்றாக எட்டு மரங்களுக்கு மஞ்சள் வளையம் போடலாம், பாதையின் பெயரே மஞ்சள் பாதை. ஒரு புத்தகத்தில் படித்தது. கைதட்டினார்கள்.

கதவோரம் டீ கிளாஸ்களை எடுக்க வந்திருந்த அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏனுங்க சார், மரத்துக்கு வளையம் போட்டா வெட்டறதுக்குங்க. எஸ்டேட்டுல நெழல் மரம் கழிக்கறப்ப அப்பிடித்தான் போடுவாங்க. இந்த மலையில கோடாலி புடிச்ச அத்தன பேருக்கும் அதுதானுங்க கணக்கு."

"அக்கா, அது சுண்ணாம்பு, வெள்ளைங்க. இது மஞ்சள்" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"கோடாலிக்குக் கலரு தெரியுமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவர் விடவில்லை. "பிரிவுக்கு ஒரு கல்லு நட்டு அதுல அடிச்சுருங்க சார். கல்லை யாரும் வெட்ட மாட்டாங்க."

கல்லுக்குத் தனி எஸ்டிமேட் போட வேண்டும் என்றார் அதிகாரி. பெயிண்ட் ஏற்கெனவே ஸ்டோரில் இருந்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. 'ஒருமனதாக' என்று எழுதியது என் கை. அந்த அம்மா சொன்னதை எழுதவில்லை. அவர் உறுப்பினர் இல்லையே, டீ கிளாஸ் எடுக்க வந்தவர்தானே. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொந்த அறிவு.

பூசும் வேலை அவருக்கே வந்தது. முடித்துவிட்டுப் பெயிண்ட் டப்பாவை வழியில் என் லாட்ஜில் வைத்துவிட்டுப் போனார். நான் மேற்பார்வைக்குப் போனேன். ஏழு மரங்களில் வளையம் இருந்தது. எட்டாவது பிரிவில் நிற்கும் பெரிய நாவல் மரத்தில் இல்லை. பாதையிலேயே மூத்த மரம், இரண்டு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாது. 'எட்டில் ஏழுதான் முடிந்துள்ளது, பணியாளர் கவனக்குறைவு' என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். அதையும் நல்ல கையெழுத்தில்.

மழைக்கு முன்னால் அதே குழு இன்னொரு தீர்மானம் போட்டது. பாதையில் சாய்ந்து ஆபத்தாக நிற்கும் மரங்களை அடையாளமிட்டு அகற்றுவது. வெட்டும் வேலை ஓர் ஒப்பந்தக்காரருக்குப் போனது. காகிதத்தில் 'அடையாளமிட்ட மரங்கள்' என்று மட்டும் இருந்தது. சாய்ந்த மரங்களுக்கு அடையாளம் போட வேண்டியவர் எந்த மேசைக்காரர் என்பது முடிவாகவே இல்லை, யாரும் போகவும் இல்லை. ஆக, அந்தப் பாதையில் அடையாளம் என்று இருந்தது என்னுடைய மஞ்சள் வளையம் மட்டும்.

அன்றைக்கு ஒரு பிரமுகர் வருகிறார் என்று அந்த அம்மாவைப் பூங்காவில் தொட்டிகளை அடுக்க நிறுத்தியிருந்தார்கள். நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏரிப் பக்கமிருந்து மெஷின் வாள் சத்தம் கேட்டது. "பரவால்லியே, சொன்னபடி வேலைய ஆரம்பிச்சுட்டானுங்க" என்று மனைவியிடம் சொல்லி, இன்னும் இரண்டு இட்லி வாங்கிக்கொண்டேன்.

பதினோரு மணிவாக்கில் அவர் வந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்றார். மூச்சு வாங்கியது. மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். பலா மரப்பட்டை. உள்பக்கம் ஈரமாக இருந்தது, வெளிப்பக்கம் என் மஞ்சள்.

"உங்க வளையமுங்க சார்."

வைத்துவிட்டு, தொட்டிகளை அடுக்கப் பூங்காவுக்குத் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஏழு மரம். மூன்று சில்வர் ஓக், இரண்டு பலா, ஒரு செண்பகம், ஓர் அத்தி. மத்தியானத்துக்குள் லாரியில் ஏறிக் கீழே போய்விட்டன. சாய்ந்து நின்ற உளுத்த மரங்கள் சாய்ந்தபடியே நின்றன, இன்றைக்கும் நிற்கின்றன. ஊர் கொதித்தது. ஊர் கொதித்தால் விசாரணை, விசாரணை என்றால் ஓர் ஆள் வேண்டும்.

ஒப்பந்தக்காரர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். "வளையம் இருந்துச்சுங்க, வெட்டுனோம். எங்கப்பன் காலத்துல இருந்து அப்பிடித்தானுங்க."

அதிகாரி அந்த அம்மாவைப் பார்த்தார். "வளையம் போட்டது யாரு?"

"நாந்தானுங்க."

"இப்படிப் போட்டா வெட்டுவாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. சொன்னேனுங்க."

"எப்ப சொன்னே? குறிப்புல இல்லையே?"

குறிப்பேடு அவர் முன்னால் திறந்து கிடந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கெஞ்சவில்லை, முறைக்கவில்லை, மணி கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதுபோல ஒரு பார்வை. நான் வாயைத் திறந்தேன். "இது அடிப்படையில் ஒரு தகவல் பரிமாற்றச் சிக்கல்" என்ற வாக்கியம் வெளியே வந்தது. அலமாரிப் புத்தகங்கள் மொத்தமாகச் சேர்ந்து எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான்.

"எட்டாவது மரத்துக்கு ஏன் அடிக்கலை?" என்று கேட்டார் அதிகாரி.

"பெயிண்டு தீந்துபோச்சுங்க."

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய். அரை டப்பா பெயிண்ட் என் மேசைக்கு அடியில் இருந்தது.

வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் இரண்டு எழுதினார்கள், இரண்டையும் நம்பித்தான் எழுதினார்கள். ஒன்று, ஏழு மரங்களுக்கு வளையம் போட்டு இழப்பு ஏற்படுத்தியது. இரண்டு, எட்டாவது மரத்துக்கு வளையம் போடாமல் பணியை முழுமையாகச் செய்யாதது. இரண்டாவது காரணத்துக்கு ஆதாரமாக, 'பணியாளர் கவனக்குறைவு' என்ற என் வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். நான் எழுதியதில் அரசாங்கம் மேற்கோள் காட்டிய ஒரே வரி அதுதான்.

ஒரு வருஷம் எனக்கு எல்லாரையும் திட்டுவதிலேயே போனது. அதிகாரியைத் திட்டினேன், ஒப்பந்தக்காரரைத் திட்டினேன், பெயிண்ட் கம்பெனியைக்கூடத் திட்டினேன். மனைவி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள், "எல்லாஞ் சரி. வளையம் யாருதுங்க?" என்றாள்.

போன மாதம் நடைபாதையில் ஏறினேன். எட்டாவது பிரிவில் நாவல் நின்றது. அதன் நெஞ்சில் ஒரு புதுப் பலகை: 'மரங்களைக் காப்போம்.' குழு வைத்தது. ஆறு ஆணி. திரும்பி வந்து பாய் கடையில் ஒரு குறடு வாங்கினேன். "என்ன சார், இந்த வயசுல?" என்றார். மரத்துக்குப் போய் முதல் ஆணியை நேராக இழுத்தேன். தலை மட்டும் கையோடு வந்தது, உடல் உள்ளேயே தங்கிவிட்டது. திருக வேண்டும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்ற ஐந்தும் வர ஒரு மணி நேரம் ஆனது.

அடுத்த நாள் நாகலூர் பஸ் பிடித்தேன். அங்கே ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார். நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன மன்னிப்பு நீளமானது. இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டார்.

"நாவல் நிக்குதுங்களா?"

"நிக்குதுங்க அக்கா. ஓர் ஆணி மட்டும் உள்ள இருக்குது. நான்தான் ஒடைச்சேன்."

"நேரா இழுத்தீங்களாக்கும்." தலையில் அடித்துக்கொண்டார். என்மேல் அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"அக்கா, உங்க பேரு வேணும். முழுப் பேரு, இனிசியலோட."

"எதுக்குங்க? எங்க அடிக்கப் போறீங்க?"

"அடிக்கலைங்க. எழுதறேன். பேப்பர்ல."

கொஞ்சம் யோசித்தார். "பேப்பருக்கு ஆணி வேண்டாமில்லீங்க? அப்ப எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதிகாரி முன்னால் ஐந்து ஆணியும் ஒரு தலையும் வைத்தேன். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, மஞ்சள் வளையத் தீர்மானத்தன்று அந்த அம்மா சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். கோடாலி, கலர், கல் எல்லாம். வளையம் என் யோசனை என்றும், ஆட்சேபணையைக் குறிப்பில் விட்டவன் நான் என்றும், பெயிண்ட் தீரவில்லை, அரை டப்பா என்னிடம் இருக்கிறது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயர், இனிஷியலோடு.

"பழைய கூட்டத்துக்கு இப்ப எழுத முடியாது சார், அடிச்சுருங்க" என்றார் அதிகாரி.

"நீங்களே அடிங்க. அடிச்சவர் யாருன்னு பக்கத்துல கையெழுத்து வேணுங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார், மூடி வைத்தார். நகல் மேலிடத்துக்குப் போக வேண்டும் என்று முடிவானது. போய்விட்டு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம், தாள் ஏதாவது ஒரு மேசையில் படுத்துக்கொள்ளலாம். நான் வாராவாரம் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னைக் கண்டதும், சீக்கிரம் எழுந்து போகட்டும் என்று இப்போது மின்விசிறியை நிறுத்துகிறார்கள்.

அன்றைக்கு எழுத்தர் நகலைக் கோப்பில் சேர்க்க, தாளை மடித்துத் துளையூசியை எடுத்தார். முனை சரியாக அந்தப் பெயரின்மேல் போய் நின்றது.

"கொஞ்சம் ஓரமாக் குத்துங்க" என்றேன்.

"ஏன் சார்?"

"அது பேருங்க. சொவரு இல்லீங்க."